பூவுக்குப் பெயரிட்டவர் யார்?

சொற்களுக்கு வரலாறு உண்டு என்பதை யாவரும் ஒப்புவர். அவ்வரலாறு யாருடைய வரலாறு என்று வினவுவோர் சிலரே. அரசரின் பெயரையும் ஊரின் பெயரையும் ஆராய்வோர்க்குக் கல்வெட்டுண்டு, ஏடுண்டு. ஒரு பூவின் பெயரை எவரும் அவ்வாறு விசாரிப்பதில்லை. அது செடியோடு கூடவே முளைத்த பெயர்போல நமக்குத் தோன்றிவிடுகிறது. உண்மை அதுவன்று. பூ இயற்கையின் படைப்பு. பெயர் மனிதரின் படைப்பு. மனிதர் படைத்த ஏனையவற்றைப் போலவே பெயரிலும் ஆள்வோரும் ஆளப்படுவோரும் உளர். உழைத்தோரும் அவ்வுழைப்பின் பயனைக் கொண்டோரும் உளர்.

இதனை விளங்கிக்கொள்வதற்குத் தமிழில் தனக்கெனப் பெயரில்லாத பூ ஒன்றை எடுத்துக்கொள்வோம். நுவரெலியா, நீலகிரி போன்ற குளிர்மலைத் தோட்டங்களில் அதனைக் காணலாம். காதில் ஆடும் தொங்கட்டான் போலத் தலைகீழாகத் தொங்கும். வெளியே நான்கு செவ்விதழ் விரிந்து நிற்க, உள்ளே ஊதா நிறத்தில் மற்றோர் அடுக்கு சுருண்டிருக்கும். ஆங்கிலேயர் அதனைப் பியூசியா என்பர். நாமும் அவ்வாறே சொல்லுகிறோம். கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள கட்டைபறிச்சானில் இப்பூ தழைக்காது. இங்குள்ள வெயிலை அது தாங்காது. எனினும் அதன் பெயரின் கதை, வளைந்து வளைந்து, இவ்வூர்க் குடியானவனின் அடுக்களைக்கும் வேலியோரத்துக்கும் வந்து சேருகின்றது.

பியூசியா என்பது ஒரு மனிதரின் பெயர். லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்பவர் ஜெர்மனியில் 1501 இல் பிறந்து 1566 இல் மறைந்த மருத்துவப் பேராசிரியர். ஃபுக்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் நரி. அவர் இந்தப் பூவைக் கண்டதில்லை. இது பூக்கும் நாட்டுக்குச் சென்றதுமில்லை. அவர் இறந்து 137 ஆண்டுகளின் பின், 1703 இல், சார்ல் புளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி அமெரிக்கச் செடிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பதினான்காம் லூயி மன்னனின் ஆதரவில் கரீபியன் தீவுகளுக்கு மும்முறை சென்று வந்தவர் அவர். ஹிஸ்பானியோலாத் தீவில் கண்ட செந்நிறப் பூவொன்றுக்கு அந்நூலில் ஃபுக்ஸின் பெயரைச் சூட்டினார். புகழ்பெற்ற ஓர் அறிஞருக்கு மற்றோர் அறிஞர் செய்த மரியாதை அது. அதே புளூமியே வேறொரு செடிக்குப் பிகோனியா என்று பெயரிட்டார். அது, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட தீவுகளில் அதிகாரியாக இருந்த மிசேல் பெகோன் என்பவருக்குச் செய்த மரியாதை. அறிஞரும் அதிகாரியும் இவ்வாறு பூக்களிலே நிலைபெற்றனர்.

அத்தீவு யாருடையது? கொலம்பஸ் 1492 இல் அங்கு இறங்கியபோது தைனோ என்னும் மக்கள் அங்கே வாழ்ந்தனர். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் கட்டாய வேலையாலும் கொலையாலும் புதிய நோய்களாலும் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாண்டனர். புளூமியே சென்ற காலத்தில் அங்கே வயல்களில் மடிந்துகொண்டிருந்தோர் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகள். அந்தச் செந்நிறப் பூவைத் தைனோ மக்கள் எவ்வாறு அழைத்தனர் என்பதை அறிஞரின் நூற்பெயர் நமக்குச் சொல்லாது. ஒரு பெயர் ஏறும்போது மற்றொரு பெயர் புதையுண்டது.

ஆனால் இங்கேதான் வரலாறு ஒரு விந்தை புரிகின்றது. தைனோ மக்களின் மொழி முற்றாக அழிந்துவிடவில்லை. அது பழங்களில் ஏறித் தப்பியது. பப்பாசி, கொய்யா, அன்னமுன்னா என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்கள் எங்கிருந்து வந்தன? கரீபியன் தீவுகளிலும் அவற்றை அடுத்த கரைகளிலும் வாழ்ந்த பழங்குடிகளின் வாயிலிருந்து ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் பெற்று, கப்பலேறி நம்மிடம் வந்த சொற்களின் திரிபுகள் அவை. அன்னாசி என்பது பிரேசில் நாட்டுத் தூப்பிப் பழங்குடியினரின் சொல். மூதூர்ச் சந்தையில் ஒரு பெண் பப்பாசிக்கு விலை கேட்கும்போது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அழிக்கப்பட்டோரின் சொல்லொன்று அவள் நாவில் உயிர்க்கின்றது. அறிஞர் பெயரிட்ட பூவில் அம்மக்களின் குரல் இல்லை. மாலுமியும் சமையற்காரனும் சந்தைக்காரியும் கைமாற்றிய பழத்தில் அது இருக்கின்றது. ஏட்டில் ஏறாத சொல்லை உண்போரின் வாய் காப்பாற்றியது.

இன்னொன்றையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். அத்தீவின் மேற்குப் பகுதியிலிருந்த அடிமைகள் 1791 இல் கிளர்ந்தெழுந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி, 1804 இல் விடுதலை நாட்டை நிறுவினர். புதிய நாட்டுக்கு அவர்கள் சூட்டிய பெயர் ஹெயிட்டி. அது தைனோ மக்கள் தம் தீவுக்கு இட்டிருந்த பெயர். ஆபிரிக்காவிலிருந்து வந்தவரின் வழித்தோன்றல்கள், தம் எசமானர் வைத்த பெயரை எறிந்துவிட்டு, தமக்கு முன் அதே மண்ணில் நசுக்கப்பட்டவரின் பெயரை எடுத்துக்கொண்டனர். பெயரிடுதல் என்பது உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இதனாலே ஃபுக்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அவர் போற்றத்தக்கவர். 1542 இல் பாசெல் நகரில் அவர் வெளியிட்ட மூலிகை நூலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட செடிகளின் மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. அந்நூலின் இறுதியில் அவர் செய்த காரியம் அக்காலத்தில் அரிதானது. படம் வரைந்தவர், அதனை மரத்துக்கு மாற்றியவர், மரத்தைச் செதுக்கியவர் ஆகிய மூவரையும் வேலை செய்யும் கோலத்திலே படமாக்கி, ஆல்பிரெக்ட் மையர், ஹைன்றிக் ஃபுல்மவுரர், ஃபைட் ருடோல்ஃப் ஷ்பெக்லே என்று பெயருடன் அச்சிட்டார். கைத்தொழிலாளியின் முகத்துக்கு அறிஞரின் நூலில் இடமளித்த அந்த நேர்மையை நாம் மறத்தலாகாது.

அந்நூலில் நமக்கு நெருக்கமான செய்தியொன்றும் உண்டு. அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருந்த மிளகாயை ஃபுக்ஸ் படத்தோடு சேர்த்துள்ளார். அதற்கு அவர் தரும் பெயர்களுள் ஒன்று 'கள்ளிக்கோட்டை மிளகு' என்று பொருள்படுவது. காரமான பொருளெல்லாம் இந்தியாவிலிருந்தே வரும் என்ற எண்ணத்தின் விளைவு அது. இதைப் படித்து நாம் நகைப்பதற்கு முன் நம் அடுக்களையை நோக்க வேண்டும். கிழக்கிலங்கைப் பேச்சுத் தமிழில் மிளகாயைக் கொச்சிக்காய் என்பர். கொச்சித் துறைமுகத்தின் பெயரை அது தாங்கி நிற்கின்றது என்பர். அமெரிக்கக் காயொன்றுக்கு ஜெர்மன் பேராசிரியர் கள்ளிக்கோட்டையின் பெயரைத் தந்தார். கொட்டியாரத்துக் குடியானவன் கொச்சியின் பெயரைத் தந்தான். பொருளைத் தோன்றிய நாட்டால் அல்லாமல், வந்திறங்கிய துறையால் அழைக்கும் வழக்கம் இருவர்க்கும் பொது. வேறுபாடு யாதெனில், பேராசிரியரின் பெயர் நூலில் அச்சேறிற்று. குடியானவனின் பெயர் 'கொச்சைச் சொல்' என்று பள்ளிக்கூடத்தில் திருத்தப்பட்டது.

பியூசியா இயல்பாக வளரும் பிற நாடுகளில் நிலை வேறு. சிலி நாட்டின் மப்புச்சே மக்களிடம் அதற்குச் சில்கோ என்ற பெயர் உண்டு. நியூசிலாந்தில் அது மரமாகவே வளருகின்றது. அங்குள்ள மாவோரியர் மரத்தை ஒரு பெயராலும் அதன் கனியை மற்றொரு பெயராலும் அழைப்பர்: மரம் கோத்துகுத்துக்கு, கனி கோனினி. உண்ணும் மக்களுக்கன்றோ காய்க்கும் கனிக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்? பனையோடு வாழும் நாம் குரும்பை, நுங்கு, பனங்காய், பனம்பழம் என்று பிரிப்பதும் இந்த நியாயம் பற்றியே. அயர்லாந்தில் பியூசியா அந்நியச் செடி; வேலிக்காக நடப்பட்டுப் பின் மேற்குக் கரையெங்கும் பரவியது. ஆயினும் அந்நாட்டார் தம் மொழியில் அதற்குக் 'கடவுளின் கண்ணீர்' என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டனர். நூற்றாண்டுகளாகப் பிறரால் ஆளப்பட்டு, தம் மொழியையே இழக்கும் நிலைக்கு வந்த ஒரு மக்கள், வேலியில் தொங்கிய வேற்று நாட்டுப் பூவைத் தமதாக்கிக்கொண்ட விதம் அது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் செல்வர் வீடுகளிலே வேறொரு வழக்கம் நிலவியது. பூக்களுக்குப் பொருள் கூறும் அட்டவணை நூல்களை அச்சிட்டு விற்றனர். 1884 இல் வெளிவந்த கேட் கிறீனவேயின் நூல் அவற்றுட் பெயர்பெற்றது. அவ்வட்டவணைகளில் பியூசியாவுக்கு இரசனை என்பது பொருள். ஏன் இரசனை என்றால் விடையில்லை. அது நிலத்தில் விளைந்த பொருளன்று. ஓய்வு மிக்கோர் விளையாட்டாக ஒட்டிய பொருள். நம் முன்னோரின் திணை மரபை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெய்தல் என்றால் பூ. அப்பூ மலரும் கடற்கரை. அக்கரையில் மீன் பிடித்தும் உப்பு விளைத்தும் வாழும் மக்கள். கடல்மேற் சென்றவனை எண்ணி இரங்கும் உள்ளம். பூவின் பொருள் அங்கே தொழிலிலிருந்தும் நிலத்திலிருந்தும் பிறக்கின்றது. அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்கன்றி, கரையில் வாழ்ந்தவருக்கே அது விளங்கும்.

ஆயினும் நம் மரபு முழுவதும் இனியது என்று சொல்லிவிட முடியாது. புறத்திணையை நோக்குக. ஆநிரை கவர்வது வெட்சி; மதிலை முற்றுவது உழிஞை; இரு படையும் களத்திற் பொருவது தும்பை; வெல்வது வாகை. மன்னர் தம் போர்களுக்குப் பூவின் பெயரைச் சூட்டினர். வயலோரத்து வெண்தும்பை என்ன குற்றம் செய்தது, மனிதர் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்ப்பதற்குத் தன் பெயரைக் கொடுக்க? ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. அங்கே பூவின் பெயர் கொண்ட நிறத்தைப் போரின் பெயர் விழுங்கியது. 1859 இல் பிரான்சின் லியோன் நகரில் வேர்கெங் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் அனிலீனைக் கொண்டு ஒரு செந்நிறச் சாயம் கண்டார். பியூசியாப் பூவின் நிறத்தை ஒத்ததால் அதற்குப் ஃபுக்சின் என்று பெயர். சாயத்தை வெளியிட்ட ரெனார் நிறுவனத்தாரின் பெயருக்கும் பிரெஞ்சு மொழியில் நரி என்பதே பொருள். அதே ஆண்டு யூன் 4 ஆந் திகதி வட இத்தாலியில் மஜெந்தா என்னும் ஊரருகே ஆயிரக்கணக்கானோர் மடிந்த பெரும் போர் நடந்தது. வெற்றியைக் கொண்டாட அந்த ஊரின் பெயர் சாயத்துக்கு வந்தது. இன்று மஜெந்தா என்று சொல்லும் எவரும் அந்தக் களத்தை நினைப்பதில்லை.

அந்த நிறத்துக்குள்ளே உழைப்பாளியின் கதையும் மறைந்துள்ளது. ஃபுக்சினைப் பெருமளவிற் செய்ய ஆர்செனிக்கு அமிலம் பயன்படுத்தப்பட்டது. ஃபுக்ஸின் நூல் அச்சான அதே பாசெல் நகரில், 1860களில், சாய ஆலைக் கழிவு நிலத்தில் இறங்கிக் கிணற்று நீரை நஞ்சாக்கியது, அயலவர் நோயுற்றனர். மறுபுறம், 1868 இல் மற்றொரு செஞ்சாயமும் ஆய்வுக்கூடத்திலேயே செய்யப்பட்டது. அத்தகைய ஆலைச் சாயங்கள் பரவியதும், நம் கரையோர மணலில் சாயவேர் கிளறி வாழ்ந்தோரின் தொழில் தேய்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கும்பினிக்கு வருமானம் ஈட்டித் தந்த வேர் அது. அவ்வேரைத் தோண்டிய கைகளின் பெயர் எந்தச் சாயத்துக்கும் சூட்டப்படவில்லை.

எனினும் அந்த நிறத்துக்குத் தமிழில் பெயர் இல்லையென்று எவரும் எண்ண வேண்டாம். நெசவாளரையும் சேலை வாங்கும் பெண்களையும் கேளுங்கள். 'வாடாமல்லி நிறம்' என்பர். பியூசியா நிறம் என்றும் மஜெந்தா என்றும் ஆங்கிலத்திற் சொல்லப்படுவதை அச்சொல் அச்சொட்டாகக் குறிக்கின்றது. இச்சொல்லைப் பண்டிதர் எவரும் ஆக்கித் தரவில்லை. பறித்தும் நிறம் மங்காத பூவைக் கண்டவர்கள் தாமே ஆக்கினர். இதிலுள்ள வியப்பு, வாடாமல்லியும் அமெரிக்காவிலிருந்து வந்த செடியே. ஆனால் பெயரிலே அந்நியத்தின் சாயல் சிறிதுமில்லை. மாலை கட்டுவோர் மல்லிகையின் இனத்தில் அதனைச் சேர்த்துக்கொண்டனர்.

இவ்வாறு வந்து கலந்த பூக்களின் பழைய சாட்சியொன்று கொட்டியாரக் குடாவோடு தொடர்புடையது. 1660 இல் இக்குடாவில் கப்பலுடன் தங்கியிருந்த ஆங்கிலேயர் சிலரைக் கண்டி அரசனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். அவர்களுள் ஒருவர் றொபேட் நொக்ஸ். 1679 இல் தப்பியோடி, 1681 இல் தம் நூலை வெளியிட்டார். மாலை நாலு மணியளவில் விரிந்து, இரவெல்லாம் மலர்ந்திருந்து, காலையில் குவியும் ஒரு பூவைப் பற்றி அதில் எழுதியுள்ளார். மழைக்காலத்தில் வெயில் தெரியாதபோது நேரம் அறிவதற்காகவே மக்கள் அதனைத் தோட்டத்தில் நடுவராம். அவர் எழுதிவைத்த சிங்களப் பெயர் இன்றும் சிறு மாற்றத்துடன் வழங்குகின்றது. நாம் அந்திமந்தாரை என்பது அந்தப் பூவே. அதுவும் அமெரிக்காவிற் பிறந்தது. சிங்களக் குடியானவரும் தமிழ்க் குடியானவரும் அதன் பிறந்தகத்தை விசாரிக்கவில்லை. அதனைத் தம் மணிக்கூடாக்கினர்.

அலரியின் கதை இதனினும் சுவையானது. பியூசியாவுக்குப் பெயரிட்ட புளூமியேயின் நினைவாக ஒரு செடியினத்துக்குப் புளூமேரியா என்று பெயர் வந்தது. அதுவும் அமெரிக்காவுக்குரியது. தமிழ் அகராதி அதனை ஈழத்தலரி என்கின்றது. ஈழத்திலிருந்து வந்த அலரி என்று தமிழகத்தார் கருதினர் போலும். சிங்களத்தில் அது அறலிய. விகாரை முற்றங்களில் தூவப்படும் பூ. கொழும்பில் பிரதமரின் வாசத்தலத்துக்கு அலரி மாளிகை என்ற பெயரும் அம்மரத்தாலே வந்தது. பூவின் பிறப்பிடத்தை ஆராய்ந்து குடியுரிமை வழங்குவதாயின், அலரி மாளிகையின் அலரிக்கே இந்நாட்டில் இடமிராது. ஆனால் மனிதருக்கு அவ்வாறு சட்டம் செய்தார்கள். மலையகத்தில் துரைமாரின் பங்களாத் தோட்டங்களிலே அந்நியப் பூக்களுக்கு நீர் வார்த்து நின்ற தமிழ்த் தொழிலாளரை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. பியூசியா தோட்டத்திலே நின்றது. நீர் வார்த்தவர் வெளியே நிறுத்தப்பட்டனர்.

இவையெல்லாம் கட்டைபறிச்சானுக்கு எதற்கு என்று கேட்கலாம். இவ்வூர்ப் பெயரைச் சற்றே சொல்லிப் பாருங்கள். கட்டை பறித்தல் என்ற உழைப்பின் ஓசையே முதலிற் செவியில் விழுகின்றது. ஆனால் இப்பெயரைச் சுமந்த மண்ணில் வாழ்வோர் பல முறை பறித்தெறியப்பட்டனர். 2006 இல் மூண்ட போரில் மூதூர் கிழக்கு மக்கள் ஊர் ஊராக வெளியேறினர். சம்பூர் மக்கள் பல்லாண்டுகள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் இருந்தனர். முகாமில் வளர்ந்த பிள்ளைக்குத் தன் ஊர்க் குளத்தங்கரையின் செடியை யார் காட்டுவார்? பெயரைச் சொல்வதற்குச் செடி கண்முன் நிற்க வேண்டும். செடியைக் காட்டும் ஆச்சி அருகில் இருக்க வேண்டும். இரண்டும் பிரிந்த இடத்தில் சொல் இறக்கின்றது. வகுப்பறையில் பியூசியா என்ற நிறப்பெயரைத் தடையின்றிச் சொல்லும் மாணவர், வாய்க்காலோரத்துப் பூண்டுகளைக் காட்டினால் 'புல்லு' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அதற்கு அவர்களைக் குறைகூறல் தகாது.

மூதூரிலிருந்து வாகரை வரை வாழும் கரையோர வேடரின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவர்களின் தொல்மொழி மறைந்து, இன்று அவர்கள் பேசுவது தமிழ். காட்டோடு வாழ்ந்த அவர்களின் முதியோரிடம் எஞ்சியுள்ள செடிப்பெயர்களை நாம் கேட்டு எழுதாவிட்டால், தைனோ மக்களின் பூவுக்கு நேர்ந்தது இங்கும் நேரும். இம்முறை அதற்குப் பொறுப்பாளிகள் வெளிநாட்டார் அல்லர்.

அறிவியற் பெயர்களை வெறுத்தொதுக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. கார்த்திகைப்பூவின் கிழங்கு நஞ்சு. புலவர் அதனைக் காந்தள் என்றார். உழவர் கிழங்கின் வடிவு நோக்கிக் கலப்பைக்கிழங்கு என்றனர். சிங்களத்தார் நியங்கலா என்பர். மருத்துவர் எல்லோரும் ஒரே செடியையே குறிக்கின்றனர் என்பதற்கு உலகுக்கெல்லாம் பொதுவான ஒரு பெயர் வேண்டும். ஆனால் அப்பொதுப் பெயரும் மாற்றத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2024 இல் மட்ரிட் நகரில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில், ஆபிரிக்கரை இழித்துரைக்கும் 'காஃப்ரா' என்ற சொல்லை இருநூறுக்கு மேற்பட்ட பெயர்களிலிருந்து நீக்கி, 'ஆஃப்ரா' என்று திருத்த முடிவாயிற்று. ஏறிய பெயரும் இறங்கும் என்பதை உலக அறிஞரே ஒப்புக்கொண்டுவிட்டனர்.

ஆதலால், பியூசியாவுக்குத் தனித்தமிழ்ப் பெயர் ஆக்கக் குழு அமைப்பது நம் முதற்பணியன்று. அச்செடியோடு மலையகத்துப் பெண்கள் என்றேனும் உறவு கொண்டால், வாடாமல்லியைப் பெயரிட்டது போல் அவர்களே ஒரு பெயரிடுவர். அதனை அகராதி ஏற்றுக்கொண்டாற் போதும். நம் முன்னுள்ள பணி வேறு. வயலிற் களை பிடுங்குபவளையும், களப்பில் வலை வீசுபவனையும், நாட்டு வைத்தியரையும், வேட முதியோரையும் தேடிச் சென்று அவர்களின் சொற்களைக் கேட்க வேண்டும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் தத்தம் வீட்டு வழக்கை ஒரே கொப்பியில் எழுத வேண்டும். எந்தச் செடி, எந்த நிலம், எதற்குப் பயன், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். செடியைச் செதுக்கிய தொழிலாளியின் முகத்தையும் பெயரையும் 1542 இல் ஒரு பேராசிரியர் தம் நூலில் அச்சிட்டார். சொல்லைத் தந்த ஆச்சியின் பெயரை நம் ஏட்டில் எழுதுவதற்கு நமக்கு என்ன தடை?